குனிந்து நடப்பவரைக் காட்டாதே

மின்விசிறியை நிறுத்தினால் இன்வெர்ட்டர் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும் என்று தோன்றியதும் வசுமதி எழுந்து போய் நிறுத்தினாள், இறக்கைகள் மனசில்லாமல் சுற்றி ஓய்ந்தன, ஓய்ந்த கையோடு காதோரத்தில் வியர்வை இறங்கத் தொடங்கியது, இறங்கட்டும், வியர்த்து யாரும் செத்துப் போனதில்லை. மாதாந்திரப் பராமரிப்பாம். மாதத்தில் ஒரு நாள் திருச்சி கே.கே. நகர் முழுக்கக் காலையில் கரண்டைப் பிடுங்கிக்கொண்டு சாயங்காலம் திருப்பித் தருகிறார்கள், எதைப் பராமரிக்கிறார்களோ, திரும்பி வருவதும் அதே கரண்ட்தான், அதே மாதிரி மினுக்கிக்கொண்டுதான் வருகிறது. பேப்பரில் முன்கூட்டியே போட்டிருந்தான், அவளும் பார்த்தாள், பார்த்துவிட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்துவிட்டாள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எவ்வளவு காலமாகிறது என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை, இப்போது ஹால் மூலையிலிருந்து அது ஒரு தடவை பீப் என்று முனகிய பிறகு வருகிறது. அதெல்லாம் சுதாகர் பார்த்த வேலை. கட்டிய புருஷன் பெங்களூருக்குத் தனிக்குடித்தனம் போனபோது என்னவெல்லாம் கொண்டுபோனான் என்று யாராவது கேட்டால், ரெண்டு பெட்டி, ஒரு பெண், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் என்று சொல்லலாம். யாரும் கேட்கவில்லை. பெண்ணைப் பற்றி மட்டும்தான் கேட்கிறார்கள், அதுவும் கேள்வியாகக் கேட்பதில்லை, தலையைச் சாய்த்துக்கொண்டு, பெத்த தாயை விட்டுட்டு எந்தப் பொண்ணும்மா அப்பன்கூடப் போகும் என்று ஒரு இழுப்பு இழுக்கிறார்கள். என் பொண்ணு போகும். போனாள். பதினொண்ணாம் வகுப்பை அங்கே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அழக்கூட இல்லாமல், ஜன்னலோர சீட் கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

இன்வெர்ட்டர் தாங்க வேண்டியது இப்போது மேஜைக்கடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரையும், அதன் மானிட்டரையும், சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் இணையப் பெட்டியையும்தான். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம் இருக்கிறது, அது ஓடுகிற வரைக்கும் இணையம் வழியாக எந்த ஊரிலிருந்தும் அதற்குள் வரலாம். கட்டை கட்டையாக வெட்டி, கட்டை கட்டையாக அடுக்கி, வீடும் பாலமும் வயலும் உண்டாக்குகிற அந்த விளையாட்டை தேஜு மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தார்கள், தாயும் மகளும் ஒரே உலகத்தில், ஒரே வீட்டில். உள்ளே வருகிற ஆளுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றதும் அன்றைக்கு டிபன் பாக்ஸில் இருந்ததை நினைத்துத் தனக்குப் புளிசாதம் என்று வைத்துக்கொண்டாள் தேஜஸ்வினி, அம்மாவுக்குத் தயிர்சாதம். ரெண்டு பேரும் கம்ப்யூட்டருக்குள்ள போயே குடித்தனம் பண்ணிக்கங்க, எனக்கு வெளியே ஒரு தோசை ஊத்திக் குடுத்துட்டுப் போங்க என்பான் சுதாகர். அப்போது அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த விளையாட்டில் யாரும் கால் வைக்காத இடம் என்று ஒன்று கிடையாது, ஏனென்றால் கால் வைக்கும் வரை அந்த இடமே உண்டாவதில்லை, ஒருத்தர் நடந்து போகப் போகத்தான் மலையும் மணலும் எதிரே முளைத்துக்கொண்டு வரும். ஆகவே இப்போது திரையில் மேலிருந்து பார்க்கிற மாதிரி விரிந்து கிடக்கிற இந்த மேப் இருக்கிறதே, இதில் பச்சையாக, பழுப்பாக, நீலமாக இருப்பதெல்லாம் அவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து நடந்த நடை. மிச்சமெல்லாம் கறுப்பு. மேற்குப் பக்கம் ஒரு மெல்லிய பச்சைப் பட்டை நீண்டு போய்க் கறுப்புக்குள் நின்றுவிடுகிறது, அது ஒரு பெரிய லீவில் கடல் எங்கே இருக்கிறது பார்த்துவிடலாம் என்று கிளம்பி, தேஜுவுக்குக் காய்ச்சல் வந்து, பாதியில் திரும்பிய வழி. கடல் வரவே இல்லை. வசுமதி அதைத் தாண்டி ஓர் அடிகூடத் தனியாகப் போனதில்லை.

இந்த மேப் அவள் எழுதியது. விளையாட்டைச் செய்தவர்கள் செய்யாமல் விட்டதை வெளியிலிருந்து யாராவது எழுதி அதோடு ஒட்டவைத்தால் அதற்கு மாட் என்று பெயர், கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது இல்லை, இல்லாத பையை வைத்துத் தைப்பது. பகலெல்லாம் ஆபீஸுக்காக எழுதுகிற நிரல் யாருக்கு என்ன உபயோகம் என்று அவளுக்குத் தெரியாது, இதை அவள் தனக்காக எழுதினாள், எழுதி இணையத்தில் சும்மா கொடுத்தாள், எங்கெங்கேயோ இருக்கிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உலகத்தில் ஒருத்தர் ஒரு மரத்தை வெட்டினால் அந்த நொடியே மேப்பிலும் மரம் போய்விடும். உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு புள்ளி, பக்கத்தில் பெயர், அவர்கள் நடந்தால் புள்ளி நடக்கும், நின்றால் நிற்கும். முதலில் அது தத்தித் தத்தி நகர்ந்தது, இங்கே இருந்தது அங்கே குதித்தது. அதை ஒழுக நகர வைப்பதற்காக அவள் பட்ட பாட்டுக்கு ரெண்டு பிள்ளை பெற்றிருக்கலாம். ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு இந்தப் பேச்சு வேறு. சரி. மேப்பை எடுத்துப் போட்டுக்கொண்டவர்களில் ஒருத்தன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான், விளையாட்டில் ஷிஃப்ட்டை அழுத்திக் குனிந்து நடப்பவரை மேப்பில் காட்டாதே, நாங்கள் ஒளிந்து விளையாட முடியவில்லை என்று. அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று எழுதினாள். அதற்கடுத்ததிலும் அப்படியே எழுதினாள். அது பெரிய வேலை ஒன்றும் இல்லை, சாதம் வடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம். காட்டுவதற்குத்தானே மேப், காட்டாதே என்று சொல்ல எதற்கு ஒரு மேப் என்று அவளுக்குள் ஏதோ முரண்டு பிடித்தது. போன வாரம், ஏன் என்று தெரியவில்லை, உட்கார்ந்து எழுதிவிட்டாள். தயிர்சாதத்தை ஏரிக்கரை வீட்டு வாசலில் குனிய வைத்துப் பார்த்தாள், மேப்பில் தன் புள்ளி பட்டென்று இல்லாமல் போனது, சரியாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு உடனே அதை நிமிர்த்தி நிற்க வைத்தாள். இந்தப் பதிப்பில் என்ன புதுசு என்ற இடத்தில் ஒரு வரி சேர்த்தாள், குனிந்து நடப்பவர் இனி வரைபடத்தில் தெரிய மாட்டார்.

அந்த வரியை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் திரையின் ஓரத்தில் இன்னொரு வரி எழுந்தது. புளிசாதம் உள்ளே வந்தார். வந்தாராம். அந்தச் செய்திகளையெல்லாம் தமிழில் மாற்றியது வசுமதிதான், மரியாதையாக இருக்கட்டும் என்று ஆர் விகுதி போட்டாள், அதைப் பார்த்து ஒன்பது வயது தேஜு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, பாத்தியா, எனக்கு மரியாதை குடுக்குது, நீயும் குடு என்றாள். ஏரிக்கரை வீட்டின் மேல் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி. பக்கத்தில் பெயர். நாற்காலியின் கைப்பிடியை அவள் பிடித்துக்கொண்டாள், எழுந்துவிடக் கூடாது, ஒன்றும் செய்துவிடக் கூடாது. போன தடவை செய்தது போதும். போன தடவை, அது மாசிக் கடைசியா, பங்குனியா, இதே மாதிரி ஓர் ஆரஞ்சுப் புள்ளி வந்தது, வந்து வயல் பக்கம் நின்றது, இவள் ஒரு நிமிஷம் பொறுத்தாளா, உலகத்தின் சொந்தக்காரிக்கு இருக்கிற கட்டளை ஒன்றைத் தட்டினாள், தயிர்சாதத்தைப் புளிசாதத்திடம் கொண்டுபோ. நடக்கக்கூட இல்லை. இங்கே இருந்தவள் அங்கே, மகளின் மூக்குக்கு முன்னால். சாப்பிட்டியா என்று தட்டினாள். மாசக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பேச்சில் கைக்கு வந்தது அதுதான். எதிரே இருந்த பொம்மை ஒரு கணம் அசையாமல் நின்றது, பிறகு புளிசாதம் வெளியேறினார். அந்த வரியை அழிக்காமல் ஒரு வாரம் வைத்திருந்தாள். போனில் கேட்கவில்லை. போனில் தேஜு பேசுவது ம், சரி, சாப்பிட்டேன், டெஸ்ட் இருக்கு, வெச்சிடவா, அவ்வளவுதான், அவ்வளவிலிருந்து எதைக் கேட்பது. இன்றைக்கு அவளை ஓட்டிவிடக் கூடாது. இது ஒன்றுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம், அவள் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், தானாகப் போகட்டும், கரண்டினால் போகக் கூடாது, என்னால் போகக் கூடாது.

புள்ளி வீட்டைவிட்டு வெளியே வந்தது. வயலைச் சுற்றியது. பாலத்தின் நடுவில் நின்றது. பாலத்தின் நடுவில் நின்றால் தண்ணீருக்குள் மீன் தெரியும், அதைத்தான் பார்க்கிறாளோ. புள்ளிக்கு முகம் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுகூட வசுமதி இன்னும் எழுதவில்லை, எழுதியிருந்தால் மீனைப் பார்க்கிறாளா வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாளா என்று தெரிந்திருக்கும். இப்படித்தான் அதுவும் ஆரம்பித்தது. டியூஷனுக்குத் தனியாகப் போகிற வயசு, போகிற வழியில் ரெண்டு மெயின் ரோடு, தேஜுவின் போனில் ஒரு சின்ன ஏற்பாடு, அவள் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவின் போனில் தெரியும், அவ்வளவுதான், எந்தத் தாய் செய்ய மாட்டாள். புள்ளி டியூஷனை விட்டுக் கிளம்பும். புள்ளி சிக்னலில் நிற்கும். புள்ளி ஜூஸ் கடையில் தேவைக்கு மேல் நிற்கும். வீட்டுக்கு வந்ததும், யாரோட ஜூஸ் குடிச்ச என்று கேட்டாள் ஒரு நாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதா. நல்லபடியாகத்தான் கேட்டாள், கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். தேஜு செருப்பைக் கழற்றாமல் நின்று, நீ என்னையா பாக்குற, நீ புள்ளியைப் பாக்குறம்மா, நான் வீட்டுக்குள்ள வந்து நிக்கிறேன், இப்பவும் போனைத்தான் பாக்குற என்றாள். அப்போது வசுமதியின் கையில் போன் இருந்தது உண்மை. அதில் அவள் மணி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் உண்மை. எத்தனை தடவை இந்த வழக்கை மனசுக்குள் நடத்தினாலும் அந்த மணி பார்த்த சாட்சியை யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. பிறகு சுதாகரும் அவளும் இனிமேல் ஒத்துவராது என்று முடிவு கட்டியபோது, யாரோட இருக்கிறே என்று பெண்ணைக் கேட்டார்கள், அப்பாகூட என்று சொன்னாள், காரணம் சொல்லவில்லை, ஜூஸ் கடையாக இருக்குமா, ஒரு ஜூஸ் கடைக்காகவா, இருக்காது, பெங்களூரில் குளிர் நன்றாக இருக்கும் என்றுகூட இருக்கலாம். இந்த உலகத்துக்கு ஒரு காப்பி எடுத்துக்கோடி, உன் லேப்டாப்பில் போட்டுத் தர்றேன் என்று கேட்டதற்கு மட்டும் நின்று, வேண்டாம், இங்கயே இருக்கட்டும்மா என்றாள். இங்கயே இருக்கட்டும். இந்த வாக்கியத்தை வசுமதி எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டாள், ஒரு பக்கம் பார்த்தால் எனக்கு வேண்டாம் என்கிறது, இன்னொரு பக்கம் பார்த்தால் வருவேன் என்கிறது.

கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டு ரெஜினா அக்கா, கையில் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு. எழுந்து போகாமல் இருக்க முடியுமா, திறந்துதான் ஆக வேண்டும். "என்ன வசு, இந்த வேக்காட்டுல ஃபேனைக்கூடப் போடாம உக்காந்திருக்க? உன் இன்வெர்ட்டரும் போயிருச்சா?" இல்லக்கா, பேட்டரி கம்மியா இருக்கு, ஒரு வேலை ஓடிக்கிட்டிருக்கு, அதான். "அஞ்சு மணிக்குத்தான் விடுவாங்களாம், லைன்மேனைக் கேட்டேன். எங்க வீட்டுல மோர் கரைச்சு வெச்சிருக்கேன், வந்து ஒரு வாய் குடிச்சிட்டு வாயேன், கீழ கொஞ்சம் காத்தாவது வருது." அப்புறம் வர்றேங்க்கா. ரெஜினா அக்கா போகவில்லை. தலை சாய்ந்தது, சாய்ந்ததுமே வசுமதிக்குத் தெரிந்துவிட்டது. "பாப்பா இந்த லீவுக்காச்சும் வருதா?" வசுமதி வாயைத் திறந்தாள். வந்திருக்கா அக்கா, உள்ளதான் இருக்கா என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்தது, சொன்னால் பொய்யும் இல்லை, ரெஜினா அக்கா எட்டி உள்ளே பார்ப்பாள், பாலத்தின் மேல் ஓர் ஆரஞ்சுப் புள்ளியைக் காட்டி இதோ என்று சொல்லலாம், நாளைக்கே எல்லாப் படியிலும், பாவம், அந்தம்மாவுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு என்று பேசிக்கொள்வார்கள். "தெரியலக்கா, டெஸ்ட்டு இருக்காம்," என்றாள். "படிப்பு படிப்புன்னு கொல்றானுங்க," என்று ரெஜினா அக்கா அவளுக்காகப் பழியைப் பள்ளிக்கூடத்தின் மேல் போட்டுவிட்டு இறங்கிப் போனாள். நல்ல மனுஷி. திரும்பி வந்து உட்கார்ந்தபோது பாலத்தின் மேல் ஒன்றும் இல்லை.

போய்விட்டாள். மோர் குடிக்கக் கூப்பிட்ட நேரத்தில் போய்விட்டாள். ஆனால் வெளியேறினார் என்ற வரி இல்லையே. வசுமதி உள்ளே இருப்பவர்களின் பட்டியலைப் பார்த்தாள், புளிசாதம் இருந்தது, உள்ளேதான் இருக்கிறாள், மேப்பில்தான் இல்லை. முதலில் தான் எழுதிய மாட் நிரலில் பிழை என்றுதான் நினைத்தாள், பிழையாக இருந்தால் நன்றாக இருக்கும், பிழை என்றால் திருத்திவிடலாம். பிறகுதான் புரிந்தது. குனிந்திருக்கிறாள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள். தற்செயலாக இருக்குமோ, பாலத்தின் ஓரத்தில் விழாமல் இருக்கக் குனிவார்கள், ஆனால் பாலத்திலிருந்து இறங்கிய பிறகுமா. அந்த வரியைப் படித்திருப்பாளோ. குனிந்து நடப்பவர் இனி வரைபடத்தில் தெரிய மாட்டார். அம்மா மேப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்து, இதோ பார், இப்போது என்ன செய்வாய் என்று குனிந்தாளோ. எழுதிக் கொடுத்தது நான்தானே, கதவைச் செய்து கொடுத்தது நான்தானே, அதைச் சாத்துகிறாள், சாத்தட்டும், சாத்துவதற்குத்தானே கதவு. இப்படி நினைத்தவுடன் நெஞ்சு வலித்தது, நிஜமாகவே வலித்தது, வாயுவாக இருக்கும், மத்தியானம் சாப்பிட்ட வாழைக்காய். இல்லை, வாழைக்காய் இல்லை. தேஜு வேண்டும். அந்தத் தலைமுடியில் அடிக்கிற வெயில் வாசனை வேண்டும், குளியலறையில் பாதி வாளித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வருகிற ஈரக்கால் வேண்டும், ஹாலில் தடம் விழும், துடைடி என்று கத்த வேண்டும், துடைக்காமல் அவள் போக வேண்டும். இதையெல்லாம் எந்தக் கட்டளை தட்டி வரவழைப்பது. ஒரு கட்டளை இருக்கிறது. குனிந்தாலும் படுத்தாலும், புளிசாதம் எங்கே என்று தட்டினால் கிழக்கு மேற்கு உயரம் எல்லாம் எண்ணாக வந்து நிற்கும், உலகத்தின் சொந்தக்காரியிடம் ஒளிய முடியாது, தட்டிப் பார்த்தது தேஜுவுக்குத் தெரியக்கூடத் தெரியாது. விரல் விசைப்பலகைக்கு வந்தது. பு என்று தட்டினாள். அழித்தாள். இன்னொன்றும் நினைவுக்கு வந்து குழப்பியது. இந்த விளையாட்டில் குனிந்தால் தலைக்கு மேலே மிதக்கிற பெயர் மங்கிவிடும், தேஜு அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு வீடு ரெண்டுபட்டது. கோழிக்கூண்டுக்குப் பின்னால், வைக்கோல் போருக்குள், கூரைமேல் எல்லாம் குனிந்துகொண்டு, அம்மா, கண்டுபிடி, கண்டுபிடி என்று பக்கத்து நாற்காலியிலிருந்தே கத்துவாள், கத்துகிற சத்தம் இந்தக் காதில் விழ, திரையில் அவளைக் காணவில்லை என்று வசுமதி தேடுவதுபோல் தேட வேண்டும், சீக்கிரம் கண்டுபிடித்தால் கோபம், நேரமானால் அதைவிடக் கோபம். அந்த விளையாட்டுக் குனிதலா இது, அல்லது கதவைச் சாத்துகிற குனிதலா. மேலே இருந்து பார்க்கிற மேப்புக்கு ரெண்டும் ஒன்றுதான்.

பீப். இந்தத் தடவை ஒன்றோடு நிற்கவில்லை, விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது, பேட்டரி கை விரிக்கப் போகிறது. மணி என்ன, அஞ்சாக இன்னும் நேரம் இருக்கிறது. இன்வெர்ட்டர் நின்றால் கம்ப்யூட்டர் நிற்கும், கம்ப்யூட்டர் நின்றால் ஏரி, பாலம், கோழிக்கூண்டு எல்லாம் ஒரேயடியாக அணைந்து, பெங்களூரில் ஒரு திரையில் இணைப்பு அறுந்தது என்று வரும், அம்மா அணைத்துவிட்டாள் என்று அவள் நினைப்பாள், ஒளிந்ததற்குக் கோபித்துக்கொண்டு அணைத்துவிட்டாள் என்று. எதைக் குறைக்கலாம். ஃபேன் ஏற்கனவே நின்றாயிற்று. இணையப் பெட்டியை அணைத்தால் அவளும் போய்விடுவாள். மிச்சம் இருப்பது மானிட்டர். பழைய பெரிய மானிட்டர், தின்கிற தீனியும் பெரிசு. வசுமதி அதன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு மேப்பை ஒரு தடவை முழுக்கப் பார்த்தாள், ஏரி, வயல், மேற்கே கடலுக்குப் போகாத பட்டை. அழுத்தினாள். திரை கறுத்து அதில் அவள் முகம் தெரிந்தது, வியர்த்து, வாய் கொஞ்சம் திறந்து. பீப் சத்தம் அடங்கவில்லை, ஆனால் இடைவெளி கூடியது, அது போதும். அப்புறம் இன்னொரு சனியன், போன். மேப் போனிலும் திறக்கும், அவள்தான் அப்படிச் செய்து வைத்திருக்கிறாள், எங்கிருந்தும் பார்க்கலாம் என்று பெருமையாக எழுதியிருக்கிறாள். போனை எடுத்தாள், கட்டைவிரல் தானாகவே அந்த இடத்துக்குப் போனது, விரலுக்குச் சொந்தமாகப் புத்தி இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜின் மேல் குப்புறப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மேஜைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தரை கொஞ்சம் குளிர்ச்சி, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்தாள். உள்ளே அதன் சின்ன விசிறி ஓடுகிற அதிர்வு முதுகில் தெரிந்தது. யாராவது நடந்தால், புதுசாக எதையாவது கட்டினால், டிஸ்க் கறுக் கறுக் என்று எழுதும். இப்போது எழுதியது. எங்கேயோ என்னமோ செய்கிறாள். என்ன என்று தெரியாது, எங்கே என்று தெரியாது, இருக்கிறாள் என்று மட்டும் தெரியும், வயிற்றில் இருந்த மாசங்களில் இப்படித்தான் இருந்தது, அப்போது ஸ்கேன் எடுக்கக் கூப்பிட்டால்கூட இவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அது மறந்தே போயிருந்தது. கறுக். இரு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு. நான் பார்க்க மாட்டேன். அம்மா பார்க்கவில்லை என்று உனக்குத் தெரியாமலே போகலாம், போகட்டும். கண் எரிந்தது, வியர்வை இறங்கியதா அழுகிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை, ரெண்டும்தான் என்று சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

தெரு முழுக்க ஒரே மாதிரி ஒரு சத்தம், ஏய், கரண்ட் வந்துருச்சு என்று எந்த வீட்டிலோ ஒரு கத்தல், ஃபிரிட்ஜ் உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஃபிரிட்ஜோடு சேர்ந்து அதன் மேலிருந்த போனும் அதிர்ந்தது. வசுமதி எழுந்து ஓடினாள், கால் மரத்துப்போயிருந்தது, நொண்டிக்கொண்டே ஓடினாள். தேஜு. தானாக அவள் கூப்பிடுவதே இல்லை.

"அம்மா."

"சொல்லுடி."

"என்ன பண்ற?"

"சும்மாதான் உக்காந்திருந்தேன். கரண்ட் இல்ல, இப்பத்தான் வந்துச்சு."

"கரண்ட் இல்லையா? அப்ப சர்வர் எப்படி ஓடுச்சு?"

"இன்வெர்ட்டர்ல."

"ஃபேனு?"

"அதை நிறுத்திட்டேன். தாங்கணும்ல."

அந்தப் பக்கம் யாரோ ஆட்டோ ஹாரன் அடிக்கிற சத்தம், பெங்களூர் ஆட்டோ.

"நான் உள்ள வந்தது பாத்தியா?"

"பாத்தேன். பாலத்துல நின்ன. அப்புறம் காணோம்."

"குனிஞ்சுட்டேன். நீதான எழுதியிருந்த, குனிஞ்சா மேப்புல வராதுன்னு."

"அதைப் படிச்சியா?"

"ஒவ்வொண்ணும் படிப்பேன். மூணு எழுத்துப் பிழை விட்டிருக்க இந்த வாட்டி." குரலில் பழைய தேஜு எட்டிப் பார்த்தாள், உடனே உள்ளே போனாள். "அப்புறம், நான் எங்க இருக்கேன்னு பாத்துருப்பியே. உன்கிட்டதான் கமாண்டு இருக்கே."

"இல்லடி. சத்தியமா பாக்கல. மானிட்டரையே ஆஃப் பண்ணிட்டேன். போனைக்கூட ஃபிரிட்ஜ் மேல போட்டுட்டேன்." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி. பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

"அடப் போம்மா," என்றாள் தேஜு.

"ஏன்டி?"

"எவ்வளவு நேரமா ஒளிஞ்சிருக்கேன் தெரியுமா? ஷிஃப்ட்டை அமுக்கி அமுக்கிச் சுண்டுவிரலே செத்துப்போச்சு. இப்ப வருவா, இப்ப வருவான்னு பாக்குறேன். நீ தேடவே வரல."

வசுமதி ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவை வந்தேனே. ஓடிட்டியேடி."

"அது தேடுறதா? நான் வந்து நிக்கக்கூட இல்ல, தலைமேல வந்து குதிச்ச. அது வேற, இது வேற." பிறகு, சின்னக் குரலில், "உனக்கு அது தெரியவே மாட்டேங்குது."

தெரியவில்லைதான். இவ்வளவு வருஷம் எழுதிய நிரலில் எங்கேயும் அது இல்லை.

"இப்ப வரட்டுமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல மேப்பை மூடு."

"மூடிட்டேன்."

"பொய். மானிட்டரைத்தான ஆஃப் பண்ணேன்னு சொன்ன."

வசுமதிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு மூக்கு ஒழுகியது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மானிட்டரைப் போட்டாள், அது உயிர் பிடிப்பதற்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எந்த விசை எங்கே என்று விரலுக்குத் தெரியும், மேப்பை மூடினாள். கண்ணைத் திறந்தபோது வெறும் திரை. விளையாட்டுக்குள் போனாள். ஏரிக்கரை வீடு, மரக்கதவு, ரெண்டு கட்டில். ஒன்றின் பக்கத்தில் புதுசாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, காலையில் அது இல்லை. அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"எங்கடி இருக்க?"

"சொல்லிட்டா அப்புறம் என்ன விளையாட்டு? வாசல்ல போய்ச் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கோ. இருபது வரைக்கும் எண்ணு. சத்தமா, எனக்குக் கேக்கணும். ஏமாத்தக் கூடாது."

"ஏமாத்தல," என்றாள் வசுமதி. தயிர்சாதம் வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது. கீழே ரெஜினா அக்காவுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று அவள் உரக்க எண்ணத் தொடங்கினாள், ஒண்ணு, ரெண்டு, மூணு. ஃபேனைப் போட மறந்திருந்தாள். பொம்மை சுவரைப் பார்த்து நின்றதே போதும், ஆனாலும் அவள் தன் கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.